ஆயிடும்காரரும் முடியாதம்மாவும்

கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் கணவரை வெளியாட்களிடம் "எங்க வீட்டுக்காரர்" என்றுதான் சொல்லிவந்தாள். அந்தச் சொல்லில் ஒரே ஒரு குறை. வீடு இல்லை. குடியிருந்த வாடகை வீட்டின் உரிமையாளர் ஒருநாள் வந்து, "பையன் வெளிநாட்டுலேருந்து வர்றான், இடம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனதும், ஊரின் ஓரத்தில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த துண்டு நிலம் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அதுவரை அந்த நிலத்தைத் தெருநாய்கள் கூட்டம் போடுவதற்குப் பயன்படுத்திவந்தன. இனி அவற்றுக்கும் காலி செய்யச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கவேண்டியிருந்தது.

அவளுக்கு வேலை, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊராரின் திட்டை வாங்குவதற்குச் சம்பளம். "உங்க புகாரை மேலதிகாரி நேரடியாவே கவனிச்சிட்டிருக்கார் சார்" என்று அவள் சொல்லும்போது, மேலதிகாரி இரண்டு மேசை தள்ளி நகம் வெட்டிக்கொண்டிருப்பார். இப்படியே பல வருஷம் ஓட்டியதில், யாராவது பொய் சொன்னால் முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடிக்கும் காது அவளுக்கு வாய்த்திருந்தது. உலகத்தில் புழங்கும் பொய்களில் பாதியை அவளே தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் அடையாளம் தெரிவதில் சிரமமில்லை.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மின்கம்பத்தை நோக்கி நேராகப் போகிறவரிடம்கூட "நல்லா ஓட்டுறீங்க, கொஞ்சமா இடது பக்கம்" என்று சொல்லிப் பழகியவர். யார் மனசும் நோகக்கூடாது அவருக்கு. 'வேண்டாம்' என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் "பார்ப்போம்" என்பார். கேட்டவர்கள் அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாமனார், அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, பேருந்துப் பலகை என்று எதைக் கொடுத்தாலும் பேனாவை எடுத்துவிடுவார். உலகத்தில் எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடித்த அவர், ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கண்டுபிடித்ததில்லை. அது அவருடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் அவளுடைய நாத்தனாரின் கணவர். கல்யாணமாகித் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவர் இன்னும் புது மாப்பிள்ளைதான். அவர் வந்தால் மின்விசிறி அவர் பக்கம் திரும்பும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் ஒரு வீடு கட்டினார். அன்றிலிருந்து, உலகத்தில் எழும்பும் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டணமில்லா ஆலோசகரானார்.

"யாரையும் கேட்காதீங்க மாமா. என் கான்ட்ராக்டர் இருக்கார். நான் சொன்னா தட்டமாட்டார்" என்றார்.

"மாப்ள சொல்லிட்டாருல்ல, அப்புறம் என்ன?" என்று மாமனார் விசிறியை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினார்.

அவள்தான், "நாலு பேரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம் மாமா. ஒரு சேலை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குறோம்" என்றாள். வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, "பார்ப்போம்" என்றார்.

முதலில் போனது கண்ணாடி பதித்த ஓர் அலுவலகத்துக்கு. உள்ளே அவ்வளவு குளிர். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் பெரிய திரையில் வீட்டைக் காட்டினார். திரைக்குள் ஒரு குடும்பம் இருந்தது. அம்மா காலித் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் துவைத்த துணி காயப்போட ஓர் இடமும் அவள் கண்ணில் படவில்லை. ஒருவேளை அவர்கள் உடுத்தித் தூக்கிப்போட்டுவிடுகிறவர்களாக இருக்கலாம்.

வீட்டுக்காரர் கூச்சத்தோடு தங்களிடம் இருக்கும் தொகையைச் சொன்னார். இளைஞரின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் எடுத்துவரச் சொன்ன காபிதான் கடைசிவரை வரவில்லை.

"கண்டிப்பா பண்ணலாம் சார். எங்க ஆரம்ப விலையே உங்க பட்ஜெட்தான்."

"அதுல கதவெல்லாம் அடக்கமா?" என்று அவள் கேட்டாள்.

"கதவு தனி மேடம்."

"சன்னல்?"

"சன்னலுக்கு இடம் விட்டிருவோம் மேடம். சன்னல் தனி."

"படிக்கட்டு?"

"மாடிக்குப் போறதா இருந்தா, அது தனி."

கூட வந்திருந்த மகள் கவலையோடு, "சுவராவது உண்டா அங்கிள்?" என்றாள்.

"சுவர் உண்டும்மா. பூச்சுதான் தனி."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "தம்பி நல்லா மரியாதையா பேசினார்ல?" என்றார். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்று அவளுக்கு அடிக்கடி ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை தன் கான்ட்ராக்டரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஆள் பார்க்க லட்சணமாக, வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு சிமெண்ட் இல்லாமல் இருந்தார். கட்டட வேலை செய்கிறவர் சட்டையில் தூசிகூட இல்லையே என்று அவளுக்குப் பட்டது. மாமனாருக்கு, "எவ்வளவு சுத்தம் பாரு" என்று பட்டது.

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"எனக்குக் கீழேயே ஒரு அறை, பக்கத்துலயே பாத்ரூம் வேணும்" என்றார் மாமனார்.

"ஆயிடும் ஐயா."

"கார் நிறுத்த இடம்..." என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

"ஆயிடும் சார்."

"எனக்குச் சன்னல்லயே உட்கார்ந்து படிக்கிற மாதிரி வேணும்" என்றாள் மகள்.

"ஆயிடும் பாப்பா."

"முன்னால ஒரு பால்கனி" என்றார் மாப்பிள்ளை, தன் வீடுபோல.

"அதெல்லாம் ஆயிடும்."

அவள் கேட்டாள்: "இது எல்லாம் இந்தத் தொகைக்குள்ள ஆயிடுமா?"

"ஆயிடும்மா."

"எந்தெந்த வேலைக்கு எவ்வளவுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

இங்கே மட்டும் அவருக்கு வேறு சொல் கிடைத்தது. "நமக்குள்ள எதுக்கும்மா பேப்பரு?" என்று சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். மாப்பிள்ளை சிரித்ததால் மாமனாரும் சிரித்தார். அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாஷிங் மெஷினின் உத்தரவாதக் காலம் நேற்றோடு முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன்னால் அவள் வரவழைத்துக்கொள்ளும் குரல் அது. கிளம்பும்போது அவர் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "ஆரம்பிச்சிடலாமா சார்?" என்றார். வீட்டுக்காரர், "பார்ப்போம்" என்றார். "அப்ப சரி, மண்ணு தோண்டுற வண்டிக்குச் சொல்லிடுறேன்" என்று ஆயிடும்காரர் படியிறங்கினார்.

அவள் அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, தன் அக்கா வீட்டைக் கட்டிய ஒரு பெண் கான்ட்ராக்டரைப் பற்றிச் சொன்னாள். "வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அப்படி. அந்தப் பக்கம் எல்லாரும் அவங்களை முடியாதம்மான்னுதான் சொல்வாங்க" என்றாள்.

முடியாதம்மா நிலத்துக்கே வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஒருவருக்கும் வணக்கம் சொல்லாமல், ரப்பர் பூட்ஸ் காலோடு நிலத்தை மூலைக்கு மூலை நடந்தார். ஒரு பக்கத்தில் மண்ணைக் குதிகாலால் அமுக்கிப் பார்த்தார். பிறகுதான் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்து, என்ன வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடியாது" என்றார்.

"எது?" என்றார் மாமனார்.

"எல்லாந்தான். மாடி முடியாது. பால்கனி முடியாது. இந்தப் பக்கம் மண்ணு இளக்கம், அஸ்திவாரத்துக்கே கூடப் போகும். கீழயே கட்டுங்க. காரா, பெரியவர் ரூமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பார்ப்போம்" என்றார் வீட்டுக்காரர்.

"பார்த்துட்டுத்தான் சார் கேக்குறேன். கண்ணு முன்னாலதான இருக்கு நிலம்?"

வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மாமனாருக்கோ, தன் அறையை ஒரு காரோடு போட்டியில் நிறுத்தியதே பெரிய அவமானமாகிவிட்டது. "வேற ஒருத்தர் எல்லாமே இதே தொகைக்கு ஆயிடும்னு சொல்லியிருக்கார்" என்றார் விறைப்பாக.

"இந்தப் பணத்துக்கு நீங்க கேக்குற வீட்டுல முக்காவாசிதான் வரும். முழுசும் தர்றேன்னு சொல்றவர், மீதிக் காவாசியை எதுல குறைப்பார்னு கேட்டுக்குங்க" என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார் முடியாதம்மா.

உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க வசவு கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, பணம் கொடுத்து வேறு கேட்கவேண்டுமா என்றிருந்தது. ஆனாலும் அந்தக் குரலில் தப்பாக எதையும் அவள் காதால் பிடிக்க முடியவில்லை. எரிச்சல் இருந்தது, அலட்சியம் இருந்தது. பொய் மட்டும் இல்லை. அவள் காதுக்கே அது புதுசு.

இரண்டு பேரும் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்துவிடுவது என்று அரை நாள் விடுப்புப் போட்டாள்.

ஆயிடும்காரர் கட்டிய வீட்டில் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர் இருந்தார். அவளை உட்காரவைத்து, "தங்கமான மனுஷன்மா. கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே, காலால் ஒரு பிளாஸ்டிக் வாளியை மெல்ல நகர்த்தினார். கூரையில் பழுப்பாக ஒரு கறை படர்ந்திருந்தது. முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது.

டொக்.

"அது என்ன சத்தம் சார்?"

"கடிகாரம்மா."

டொக், டொக். அது கொஞ்சம் அவசரக் கடிகாரமாக இருந்தது. எழுத்தரின் மனைவி சமையலறை வாசலில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையில் ஈரம் இல்லை. வீட்டில் அந்த ஓர் இடம்தான் காய்ந்திருந்தது.

"ஏதாவது சின்ன வேலைன்னா கூப்பிட்டா வருவாரா?"

"பிஸியான மனுஷன்ல? நாமதான் புரிஞ்சுக்கணும்" என்றார் எழுத்தர். அவர் மனைவி உள்ளே போய் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தார்.

பேருந்தில் வரும்போது அவளுக்கு விளங்கியது. கட்டினவன் மோசம் என்று வாய்விட்டுச் சொன்னால், தேர்ந்தெடுத்த தான் ஏமாளி என்று ஆகிவிடும். அதுவும் மனைவி காதுபட. அதற்கு வாளியைக் கடிகாரம் என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

முடியாதம்மா கட்டிய வீடு ஒரு தையல்கார அம்மாளுடையது. அவள் கேள்வியை முடிக்கவே விடவில்லை அந்த அம்மாள்.

"அதுவா? அந்தப் பொம்பளையோட பேச்சையே எடுக்காத. வாசல்ல ஒரு வளைவு வையின்னேன், துட்டுக்குக் கேடுன்னுட்டா. என் வீட்டுக்கு என் துட்டு, உனக்கென்னன்னேன். வளைவு வேணும்னா வேற ஆளைப் பாருன்னு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா. நானே போய்க் கூட்டிட்டு வர வேண்டியதாப் போச்சு. மொத மழைக்குப் பின்கதவு ஊதிக்கிச்சு. கூப்பிட்டா வந்து, கதவைக் கழட்டி இழைச்சு மாட்டிட்டு, என்னையத் திட்டுறா! வாளி வாளியாத் தண்ணி ஊத்திக் கழுவினா ஊதாம என்ன செய்யும்ங்குறா. என் வீட்டை நான் கழுவக்கூடாதா?"

"கூப்பிட்டு எத்தனை நாள்ல வந்தாங்க?"

"மறுநாளே வந்துட்டா. காலங்காத்தால. நான் பல்லுகூட விளக்கல. அதுக்கும் ஒரு பேச்சு!"

அவள் புகார்களைத் தரம் பிரித்தே தேறியவள். பதில் கிடைக்காத ஆட்கள் இப்படிப் பேசமாட்டார்கள். அவர்கள் முதலில் கத்துவார்கள், பிறகு கெஞ்சுவார்கள், கடைசியில் ஓய்ந்துபோய், "பரவாயில்லம்மா" என்று வைத்துவிடுவார்கள். இவ்வளவு ருசியாக, இவ்வளவு விவரமாகத் திட்டுவதற்கு, கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வந்து நின்றிருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "திட்டு வாங்குறவங்க நல்லவங்க, பாராட்டு வாங்குறவர் மோசம். நல்லா இருக்கும்மா உன் நியாயம். உங்க ஆபீஸ்ல உனக்கு எப்ப சம்பளம் கூட்டுறாங்க?"

விஷயம் மாப்பிள்ளை காதுக்குப் போனது. அவர் முகம் வாடிவிட்டது என்று நாத்தனார் போனில் சொன்னார். மாப்பிள்ளை முகம் வாடினால் அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. "எல்லாரும் ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வாங்க. கூடத்துலயே உட்கார்ந்துட்டுப் போயிடுறீங்க. இந்தத் தடவை மேலும் கீழும் முழுசாப் பாருங்க. அப்புறம் பேசுங்க" என்று மாப்பிள்ளையே போனை வாங்கிச் சொன்னார்.

போனார்கள். மாப்பிள்ளை ஒரு வழிகாட்டியைப்போலக் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். நாத்தனார் எப்படியோ அவருக்கும் முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். படுக்கையறைக் கதவை லேசாகத் தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்துத் திறந்தார். அலமாரியைத் திறக்கும்முன் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். கூடத்து விளக்கைப் போடச் சமையலறைக்குள் போய்வந்தார்.

"என்ன அண்ணி, கூடத்து சுவிட்ச் அங்க இருக்கு?" என்றாள் அவள்.

"அப்பப்ப சமையக்கட்டுக்குப் போய்வந்தா உடம்புக்கு நல்லதும்மா" என்றார் நாத்தனார். அவர் குரல் எங்கோ ஓரமாக உடைந்திருந்தது.

இந்தச் சந்தடியில் மாமனார் கீழே இருந்த பாத்ரூமுக்குப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுக்க எப்போதும் ஒரு செங்கல் இருக்கும். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நாத்தனார் காலையில்தான் அதை எடுத்து ஒளித்துவைத்திருந்தார். மாமனார் நாகரிகமான மனிதர். உள்ளே போய்க் கதவை அழுத்திச் சாத்தினார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை.

முதலில் தட்டுகிற சத்தம். பிறகு, "யாராவது வெளியில இருக்கீங்களா?" என்று மரியாதையான குரல். பிறகு அவ்வளவு மரியாதையில்லாத குரல். மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி மட்டும் தாராளமாக அவர் கையோடு வந்துவிட்டது.

"பொறுங்க மாமா, கான்ட்ராக்டரையே கூப்பிடுறேன். நான் சொன்னா ஓடி வருவார்" என்று போனை எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பக் கூப்பிட்டார். திரும்ப ஓய்ந்தது. மூன்றாவது தடவை மணி அடிக்கும்போதே துண்டிக்கப்பட்டது.

அவள் தன் போனிலிருந்து அதே எண்ணைக் கூப்பிட்டாள். முதல் மணிக்கே எடுத்தார்.

"சொல்லுங்கம்மா! ஆரம்பிச்சிடலாமா?"

கூடத்தில் எல்லாருக்கும் அது கேட்டது. மாப்பிள்ளை தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழுது அதில்தான் என்பதுபோல. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்படியா? பக்கத்துத் தெருவுலதான் நம்ம ஆசாரி இருக்காரும்மா. இப்ப வந்துருவாரு. அதெல்லாம் ஆயிடும்" என்றார். பின்னணியில் தொலைக்காட்சியில் யாரோ ஆட்டம் ஆடி, கூட்டம் கைதட்டியது. அவர் குரலே பாதி அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள் அவள் போனை வைத்துவிட்டு. "என்னை நம்புங்க. இதுதான் என் தொழில்."

உள்ளே மாமனாருக்குச் செய்ய வேறு வேலையில்லை. பழக்க தோஷம், அவர் பாத்ரூமைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள! இங்க வாட்டம் தப்பா இருக்கு. தண்ணி துளைக்குப் போகாம எதிர்ப்பக்கம் மூலைக்கு ஓடுது!"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா."

"சுவர்ல பூப் போட்ட டைல்ஸ் ஒண்ணு தலைகீழா இருக்கு! இல்ல, இல்ல... ரெண்டு! கீழ் வரிசையில இன்னொண்ணு!"

"மாமா..."

"குழாயில சிவப்புன்னு போட்டிருக்கு, பச்சைத் தண்ணிதான் வருது! யாரு மாப்ள இதைப் பார்த்துச் சரின்னது?"

மாப்பிள்ளை கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார். அவர்தான் பார்த்துச் சரியென்றது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வரும் குரல் மெலிந்தது. "காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார் மாமனார். அந்தச் சன்னல் திறக்காது என்று நாத்தனார் அப்போதுதான் மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளை மறுபடி போனை எடுத்தார்.

"வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவளே கேட்டதில்லை. "போனை வைங்க அத்தான். அப்பா, மூலைக்குப் போய் நில்லுங்க" என்றவர், பின்னால் போய், வலது காலைத் தூக்கிக் கதவில் ஓர் உதை விட்டார். தப்பாக ஓட்டிய அத்தனை பேருக்காகவும் பிரேக்கை மிதித்து மிதித்து உரமேறிய கால் அது. பூட்டு உடையும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பூட்டு பத்திரமாக இருந்தது. கதவு, நிலை, அதைச் சுற்றியிருந்த பூச்சு எல்லாம் ஒன்றாக, ஒரு படச்சட்டத்தைக் கழற்றியதுபோல, அப்படியே உள்ளே சாய்ந்தன.

தூசி அடங்கியதும் மாமனார் மூலையில் தெரிந்தார், மாவு பூசியதுபோல. நிலைக்கும் சுவருக்கும் நடுவே சிமெண்ட் இருக்கவேண்டிய இடத்தில், கசக்கிச் செருகிய பழைய நாளிதழ்த் தாள்கள் இருந்தன. மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. மாமனார் ஒரு தாளை உருவி, விரித்து, உதறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தலைப்புலயே ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது நாத்தனார். சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பிறகு, இரண்டு வருஷமாக அடக்கிவைத்தது அத்தனையும் வந்தது. மழைக்கு ஒழுகும் பால்கனி, தொட்டால் சுரீரென்னும் சுவிட்ச், செங்கல், இடுப்பு வலி. "இவருக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல" என்று முடித்தார்.

மாப்பிள்ளை கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதா?" என்றார். "ராத்திரி மழை பெஞ்சா எனக்கும்தான் தூக்கம் வராது. இருந்த சேமிப்பெல்லாம் போட்டு ஒரு வீட்டைக் கட்டிட்டு, அது நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்றது? நீங்களும் அவர்கிட்டயே கட்டினா, நான் செஞ்சது சரிதான்னு ஆயிடும்னு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை உண்மை பேசியதைக் கேட்டவர்கள் இல்லை. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "விடுங்கண்ணா. எங்க ஆபீஸ்ல இப்படி ஆயிரம் பேரைப் பார்க்கிறேன். ஏமாத்தினவங்க ஒருத்தரும் இப்படித் தலைகுனிஞ்சு உட்கார்ந்ததில்ல" என்றாள். மாமனார்தான் அவர் பக்கத்தில் போய் நின்று, தோளில் இருந்த சிமெண்ட் தூசியைத் தட்டிவிட்டார். சொந்தத் தோள் முழுக்கத் தூசி இருந்தது, அதை மறந்துவிட்டார்.

ஆசாரி வரவில்லை. ஆனால் சில நாட்களில் நிலத்துக்கு மண் தோண்டும் வண்டி வந்துவிட்டது. ஆயிடும்காரர் வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நின்றார். வீட்டுக்காரர் அவரிடம் போகவில்லை. நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்று, ஓட்டுநரிடம், "பின்னால எடுங்க" என்றார்.

"என்ன சார் இது? பார்ப்போம்னு சொன்னீங்களே?" என்றார் ஆயிடும்காரர்.

"பார்த்துட்டேன்" என்றார் வீட்டுக்காரர். பிறகு, அந்தக் குறுகலான தெருவில் அவ்வளவு பெரிய வண்டி திரும்புவது கஷ்டம் என்பதால், தொழில் தர்மப்படி கூடவே நடந்து, கையைக் காட்டிக் காட்டி, ஒரு சுவரும் இடிபடாமல் தெருமுனைவரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தார்.

முடியாதம்மாவை மறுபடி கூப்பிட்டது மாமனார். வந்தவர் முதல் காரியமாக, "அன்னைக்கே சரின்னிருந்தா இந்நேரம் அஸ்திவாரம் முடிஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார்; மாமனார் அதில் நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக வாயடைத்துப்போனது அப்போதுதான் இருக்கவேண்டும். கார் தெருவில் நிற்கும் என்று முடிவாயிற்று. பால்கனியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகள் மட்டும் பயந்து பயந்து சன்னலைக் கேட்டாள். முடியாதம்மா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சன்னலடியை அகலமாப் போட்டு உட்கார வைக்கலாம். ஆனா உன் அலமாரி போயிடும். துணியை எங்க வைப்ப?"

"கட்டிலுக்கு அடியில."

"அப்ப முடியும்."

வேலை சொன்ன தேதியில் முடியவில்லை. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. டைல்ஸ் வேலைக்காரருக்கும் தண்ணீர்க்குழாய் வேலைக்காரருக்கும் யார் முதலில் என்று சண்டை வந்தது. தொகையும் சொன்னதைவிடக் கொஞ்சம் மேலே போயிற்று. ஏனென்று கேட்டபோது, "பெரியவர் டைல்ஸை மூணு தடவை பிரிச்சு ஒட்டச் சொன்னா நான் என்ன பண்றது?" என்றார் முடியாதம்மா. அவரோடு அவள் இரண்டு தடவை பெரிதாகச் சண்டை போட்டாள். ஒருமுறை பாதியில் போனைக்கூட வைத்துவிட்டாள். வேலையில் ஒருநாளும் செய்ய முடியாததைச் சொந்தக் காசில் செய்ததில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

குடி போன மறுவாரம் முடியாதம்மா பார்க்க வந்தார். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினார், ஒவ்வொரு குழாயையும் திருப்பினார், சமையலறையில் அவள் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்த சாமான்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கூடத்துக்கு வந்தவர், சுவரோடு ஒட்டிவைத்திருந்த பெரிய அலமாரியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யார் இதை இங்க ஒட்டி வைச்சது?"

ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"புதுச் சுவரு, இன்னும் ஈரம் காயல. மூச்சுவிட வேணாமா? பின்னால பூஞ்சை பிடிச்சுதுன்னா என்கிட்ட வரக்கூடாது. ஒரு முழம் தள்ளுங்க."

மாமனார் உட்பட எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். முடியாதம்மா கிளம்பிப் போனார். பேருந்துக்குக் காத்திருப்பதுபோல அலமாரி கூடத்தின் நடுவில் நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் தொலைக்காட்சி பார்க்க முடிந்தது.

"பழையபடி தள்ளிடலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

மகள் எட்டித் தெருவைப் பார்த்தாள். "ஸ்கூட்டர் போயிடுச்சு."

"திரும்பி வந்துட்டா?" என்றார் மாமனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகொரு நாள் மாப்பிள்ளையும் நாத்தனாரும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நாத்தனார் பழக்கத்தில் வாசற்கதவை இடுப்பால் இடித்தார்; கதவு சும்மா திறந்துகொண்டதில் தடுமாறி உள்ளே வந்துவிழப் பார்த்தார். மாப்பிள்ளை மெதுவாக, இந்தத் தடவை யாருக்கும் முன்னால் நடக்காமல், ஒவ்வொன்றாகப் பார்த்தார். அலமாரியருகே வந்ததும், "இது ஏன் மாமா நடுவுல நிக்குது?" என்றார்.

"சுவருக்குக் காத்து வேணும் மாப்ள. ஈரம் உள்ளயே நின்னா பூஞ்சை கட்டும்" என்று மாமனார், அன்றுவரை ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கிப் பார்க்காதவர், சுவர் காய்வதைப் பற்றி நீளமாக விளக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை இடைவெளிக்குள் கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவர் கையை எடுக்கவில்லை, மாமனாரும் நிறுத்தவில்லை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர்களுடைய டீயை மூடிவைத்தாள்.